1813-ல் நாஞ்சில் நாட்டு எலிசபெத்: வீடு யாருக்குப் போகும்?

தக்கலை வாசகி:

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. பேத்தி பள்ளிக்கூடம் போனபின் கிடைக்கும் நேரத்தில் ஒரு கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஜேன் ஆஸ்டனின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலைத் தூக்கி நம் ஊரில் வைத்துப் பார்க்கிற முயற்சி. ஆறு அத்தியாயம் ஓடிவிட்டது. ஏழாவதில் வண்டி குடை சாய்ந்துவிட்டது.

நம் ஊர் எதற்கு என்று கேட்பீர்கள். இந்த வகைக் காதல் கதைகளை ‘ரீஜென்ஸி’ என்பார்கள். மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்குப் புத்தி பேதலித்ததால் 1811 முதல் 1820 வரை அவர் மகன் அவருக்குப் பதிலாக ஆண்ட காலம் அது. நாவல் வெளிவந்தது 1813 ஜனவரியில். அதே வருடம் ஏப்ரலில் இங்கே திருவிதாங்கூரில் அரச வாரிசு சுவாதித் திருநாள் பிறந்தார். கைக்குழந்தையின் பெயரில் அம்மா கௌரி லட்சுமி பாய் ஆண்டார். அவர் 1815-ல் காலமானதும் தங்கை கௌரி பார்வதி பாய் 1829 வரை ஆண்டார். அதுவும் ரீஜென்ஸிதானே? அவர்களுடையதைவிட நம்முடையது நீளம்கூட. பத்மநாபபுரம் அரண்மனைக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு நான் எதற்கு இங்கிலாந்து நடனக்கூடத்தைக் கற்பனை செய்ய வேண்டும்? என் நாயகன் டார்சி முதன்முதலில் நாயகி எலிசபெத்தை அலட்சியமாகப் பார்ப்பது சுசீந்திரம் மார்கழித் தேரோட்டத்தில்.

சிக்கல் சொத்தில். மூலக்கதையில் எலிசபெத்தின் அப்பா பென்னட்டுக்கு ஐந்து பெண்கள், ஆண்பிள்ளை கிடையாது. நிலம் ஆண் வாரிசுக்கே என்று கட்டியிருப்பதால், அவர் கண்ணை மூடினால் எல்லாம் தூரத்து உறவான காலின்ஸுக்குப் போய்விடும். அம்மாக்காரி பொழுது விடிந்தால் மாப்பிள்ளை மாப்பிள்ளை என்று அலைவது அதனால்தான். நான் கதையை ஒரு நாயர் தறவாட்டில், அதாவது தாய்வழிக் கூட்டுக் குடும்ப வீட்டில், வைத்திருந்தேன். அதைப் படித்த அடுத்த வீட்டு டீச்சர், “தறவாடு பெண்வழியில்தானே இறங்கும்? பிறகு இந்த அம்மைக்கு என்ன பயம்?” என்று கேட்டுவிட்டு, நான் வைத்த உண்ணியப்பத்தையும் தின்றுவிட்டுப் போய்விட்டார். பயம் இல்லையென்றால் கதையே இல்லை. என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

பூதப்பாண்டி பத்திரக்காரன்:

தங்கச்சி, கதையைத் தறவாட்டிலிருந்து கிளப்பி எங்கள் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். நாஞ்சில் நாட்டு வெள்ளாளருக்கும் மருமக்கள் வழிதான் இருந்தது. ஆனால் நாயர் வீட்டுப் பெண் தன் தறவாட்டிலேயே இருப்பாள். எங்கள் பெண்கள் கட்டிக்கொடுத்த வீட்டுக்குப் போய் வாழ்கிறவர்கள். ஆயுசுக்கும் அடுப்பு ஊதிய வீடு, புருஷன் போனதும் அவன் சகோதரி மகனுக்கு. பெண்டாட்டி பிள்ளைகளுக்கு உகந்துடைமை என்று கொஞ்சம் கிள்ளிக் கொடுப்பார்கள், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டிலேயே நடந்தது. என் பாட்டாவுக்கு ஒன்பது வயதில் அவர் அப்பா இறந்தார். பதினாறாம் நாள் கழியவில்லை, அத்தை மகன் வந்து பத்தாயத்துக்குப் பூட்டுப் போட்டான். பாட்டாவின் அம்மை இரண்டு சருவமும் ஒரு பசுவுமாகப் பிறந்த வீட்டுக்கு நடந்தாள். ‘உனக்கு மாமன் சொத்து வருமே’ என்று பாட்டாவைத் தேற்றினார்களாம். அந்த மாமனுக்குச் சகோதரிகள் நாலு பேர். கொல்லம் ஆண்டு 1101-ல், அதாவது 1926 வாக்கில், சட்டம் வந்துதான் இதெல்லாம் மாறியது. தேரூர்க்காரர் கவிமணி பாடிய ‘மருமக்கள் வழி மான்மியம்’ இந்தக் கூத்தைத்தான் ஒரு மனைவியின் வாயால் சொல்கிறது. அதைப் படித்தால் உங்கள் பென்னட் அம்மையின் புலம்பலுக்கு வேறு எங்கும் போக வேண்டாம்.

இனி உங்கள் காலின்ஸைப் பாருங்கள். அவனைப் பென்னட்டின் சகோதரி மகன் ஆக்கிவிட்டால் போதும். சொத்துக்கு வாரிசும் அவன், எலிசபெத்துக்கு முறை மாப்பிள்ளையும் அவன். இங்கிலாந்தில் அவன் பெண் கேட்டு வந்தது ஒரு கோமாளித்தனம். இங்கே அது அவன் உரிமை. அவனை வேண்டாம் என்று சொல்ல நம்மூர் எலிசபெத்துக்கு இரண்டு மடங்கு நெஞ்சுரம் வேண்டும்.

இன்னொன்று. டார்சிக்கு வருடம் பத்தாயிரம் பவுண்டு என்பதைத் திருவிதாங்கூர்ச் சக்கரக் காசாக மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். இத்தனை கோட்டை நெல் விதைக்கிற வயல், அதாவது இத்தனை கோட்டை விதைப்பாடு என்று எழுதுங்கள். எங்கள் ஆட்களுக்கு உடனே மூச்சு வாங்கும்.

செங்கோட்டைச் சாரல்:

அண்ணாச்சி சொன்னது சரிதான், ஆனால் முறை என்று இறங்கினால் அக்காவுக்கு வேறு ஒரு இடத்தில் கால் இடறும். லேடி காதரின் தன் மகளை டார்சிக்குக் கட்டிவைக்கத் துடிக்கிறாளே, அவள் டார்சியின் அம்மாவோடு பிறந்தவள். நம் கணக்கில் பெரியம்மா. பெரியம்மா மகள் தங்கச்சி முறை! அப்படியே எழுதினால் வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். காதரினை டார்சியின் அப்பாவோடு பிறந்த அத்தை ஆக்கிவிடுங்கள். அத்தை மகளை விட்டுவிட்டு எவளையோ கட்டுகிறாயா என்று அவள் வந்து கத்துவதில் அப்போதுதான் நியாயம் இருக்கும். இதே காரணத்தால் ஆஸ்டனின் ‘மேன்ஸ்ஃபீல்ட் பார்க்’ தமிழில் வரவே வழியில்லை. அதில் கல்யாணம் செய்துகொள்கிற இருவரும் அக்கா தங்கை பிள்ளைகள்.

2000-த்தில் வந்த ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ படத்தில் இந்தத் தொல்லை இல்லை. ஆஸ்டனின் வேறு நாவல், காரைக்குடி வீடு, தாத்தாவின் உயிலில் வீடு கைமாறுகிறது, முடிந்தது. உயில் எழுதினால் எந்த ஊருக்கும் பொருந்தும். உங்களுக்கு அந்தச் சௌகரியம் வேண்டாம் அக்கா, மருமக்கள் வழியே இருக்கட்டும்.

டார்சியின் கடிதத்தையும் யோசித்தீர்களா? எலிசபெத் அதைத் தனியாக நடந்துகொண்டே திரும்பத் திரும்பப் படித்துத்தான் மனம் மாறுகிறாள். 1813-ல் அது ஓலை. அவளுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாமல் வேறு யாராவது படித்துச் சொன்னால் ரகசியம் அன்று சாயங்காலமே தெப்பக்குளத்துக்குப் போய்விடும். அவளுக்கு யார் எழுத்து சொல்லிக் கொடுத்தது என்பதை இரண்டாம் அத்தியாயத்திலேயே சொல்லிவிடுங்கள்.

கருங்கல் பேத்தி:

எல்லாம் சரி. ரீஜென்ஸி கதை என்றால் முதலில் துணிதானே வரும்? மஸ்லின் கவுன், ரிப்பன், தொப்பி. ஆஸ்டனின் ‘நார்த்தாங்கர் அபே’யில் ஒருவன் தங்கைக்கு வாங்கிய துணி அசல் இந்திய மஸ்லின் என்று பெருமை பேசுவான். அவன் பெருமை பேசிய அதே காலத்தில் இங்கே என் பாட்டியின் பாட்டிகள் மாரை மறைத்தால் அடி விழுந்தது. நீங்கள் சொல்லும் அதே 1813-லேயே, கிறிஸ்தவர்களான பெண்கள் மேலாடை போடலாம் என்று திவானாக இருந்த வெள்ளைக்காரர் கர்னல் மன்றோ உத்தரவு போட வேண்டியிருந்தது. உயர்சாதியார் எதிர்த்தார்கள். குப்பாயம் என்ற சட்டையைப் போட்டுக்கொள்ளலாம், உயர்சாதிப் பெண்கள் தோளில் போடும் தோள்சீலை கூடாது என்று ஒரு பேரம். நாடார் பெண்கள் மேலாடை போடலாம் என்று அரசின் பிரகடனம் 1859-ல் வருவதற்குள் எத்தனை கலவரம்.

எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை சேச்சி. உங்கள் எலிசபெத் சேற்றில் நடந்து அக்காவைப் பார்க்கப் போவாள் இல்லையா? அந்தச் சேலையைத் துவைக்கிறவள் ஒருத்தி இருப்பாள். ஜோ பேக்கர் 2013-ல் ‘லாங்போர்ன்’ என்று அந்த வீட்டு வேலைக்காரியை வைத்தே முழு நாவல் எழுதினார். உங்கள் கதையில் அவள் தோளில் என்ன கிடந்தது என்று ஒரு வரியாவது வேண்டும். தேரோட்டம் வைத்திருக்கிறீர்களே, அந்தத் தெருவில் அவள் நிற்க முடியுமா என்பதையும்.

தக்கலை வாசகி:

உங்கள் மூன்று பேருக்கும் ஆளுக்கு ஒரு சீப்பு மட்டிப்பழம் கடன்பட்டிருக்கிறேன். தறவாட்டைக் கலைத்தாயிற்று. காதரின் அத்தை ஆகிவிட்டாள். எலிசபெத்துக்குக் கணக்கு எழுத வந்த ஒரு கிழவர் எழுத்து சொல்லிக் கொடுக்கிறார். வங்கிக்காரி புத்தி அப்படித்தான் போகும்.

கருங்கல் மகளே, தேரோட்டத்தை மூன்று நாள் திறந்து திறந்து பார்த்தேன். காட்சி அங்கேயே இருக்கட்டும், ஆனால் துவைக்கிறவள் ரதவீதிக்கு வெளியே நின்று சத்தத்தை மட்டும் கேட்கிறாள் என்று எழுதியிருக்கிறேன். சரியா என்று நீதான் பார்க்க வேண்டும், அனுப்பட்டுமா?

அண்ணாச்சி, நேற்று ராத்திரி ஒன்று உறைத்தது. எலிசபெத் வேண்டாம் என்றதும் அவள் தோழி ஷார்லட் காலின்ஸைக் கட்டிக்கொள்கிறாளே. அவளுக்கு வயது இருபத்தேழு, காதல் கீதல் ஒன்றும் வேண்டாம், ஒரு வீடு நிச்சயமாக இருந்தால் போதும் என்று கணக்குப் போட்டுத்தான் சம்மதிக்கிறாள். ஆனால் மருமக்கள் வழியில் காலின்ஸ் போனால் அந்த வீடு அவனுடைய சகோதரி மகனுக்கு அல்லவா? அவனுக்கு ஒரு தங்கச்சியைப் படைத்துவிட்டேன். பெயர் இன்னும் வைக்கவில்லை. கல்யாணப் பந்தலில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருக்கிறாள். குழந்தை ஆண்.