திருச்சியில் நல்ல குடும்ப ஆலோசகர் யாராவது தெரியுமா?

வணக்கம். என் அக்காவும் மாமாவும் பல மாதங்களாகப் பேசிக்கொள்வதில்லை. அடி, குடி எதுவும் கிடையாது. பத்தாவது படிக்கும் பையன்தான் இருவருக்கும் தூது. "ஃபீஸ் கட்டியாச்சான்னு உங்கப்பாகிட்ட கேளு", "உங்கம்மாகிட்ட சொல்லிடு" என்று இப்படியே போகிறது. பிள்ளை சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை. எனக்கு அவனை நினைத்துத்தான் பயம்.

ஒரு ஆலோசகரிடம் போனார்கள். முதல் நாளே அவர் அக்காவிடம், "நீங்கதான் அனுசரிச்சுப் போகணும்" என்றாராம். தீர்ப்புச் சொல்லத்தான் சொந்தக்காரர்கள் இருக்கிறார்களே! அக்கா இப்போது வரவே மாட்டேன் என்கிறாள்.

இரண்டு பேருக்குள் இறுக்கம் வந்தால் மூன்றாவது ஆளை நடுவில் இழுப்பார்கள் என்று முர்ரே போவன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் விளக்கியிருக்கிறார். எங்கள் வீட்டில் அப்படியே நடக்கிறது. அதனால் யார்மேல் தப்பு என்று தேடாமல், குடும்பம் முழுவதையும் சேர்த்துப் பார்க்கப் பயிற்சி பெற்றவர் வேண்டும். ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவுள்ள கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் நிம்மதி. தனியாகச் சொல்வதை மற்றவரிடம் சொல்வாரா மாட்டாரா என்பதை முதலிலேயே தெளிவாகச் சொல்பவராக இருக்கணும். அக்கா கேட்பது அது ஒன்றுதான்.

மாமாவுக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு. தமிழில் வீடியோ காலில் பேசுபவர் என்றாலும் சரி. பெங்களூரு நிம்ஹான்ஸ் குடும்ப மனநல மையத்துக்குப் போனவர்கள் இருந்தால், அங்கே எத்தனை நாள் தங்க வேண்டியிருந்தது, தமிழில் பேச முடிந்ததா என்று சொல்லுங்கள். பையனுக்கு இப்போதைக்கு அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸின் 14416 எண்ணைக் கொடுத்திருக்கிறேன். கட்டண விவரம் தெரிந்தால் இன்பாக்ஸில் அனுப்புங்கள்.