கிளாக் ஸ்பிரிங்குக்குச் ‘சுருள்நாடா’ பொருந்துமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

காரின் ஸ்டீயரிங்கைக் கழற்றிப் பூட்டும் கையேட்டுக்காக நாம் திரட்டிவரும் சொற்களில், கிளாக் ஸ்பிரிங் என்பதற்குக் ‘கடிகாரச் சுருள்வில்’ என்று முன்மொழியப்பட்டிருக்கிறது. அதை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. பழைய கடிகாரத்துக்குள் சுருண்டிருக்கும் வில்லைப் போன்ற தோற்றம் இருக்கிறதே தவிர, இந்த உறுப்பு விசையைச் சேர்த்துவைப்பதும் இல்லை, எதையும் திருப்பித் தள்ளுவதும் இல்லை. செப்புத் தடங்கள் ஓடும் மெல்லிய தட்டை நாடா ஒன்று வட்டமான பிளாஸ்டிக் கூட்டுக்குள் தளர்வாகச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அதன் ஒரு முனை அசையாத பகுதியிலும் மறுமுனை ஸ்டீயரிங்கோடு சுழலும் பகுதியிலும் மாட்டப்பட்டிருப்பதால், ஸ்டீயரிங் எந்தப் பக்கம் திரும்பினாலும் காற்றுப்பைக்கும் (ஏர்பேக்) ஹாரனுக்கும் மின்தொடர்பு அறுபடுவதில்லை.

‘வில்’ என்று படிக்கிறவர், கையை விட்டால் அது தானாக நடுநிலைக்கு வந்துவிடும் என்று நினைத்துக்கொள்வார். அது வராது. என்னிடம் வந்த ஒரு காரில் ஹாரன் அடிக்கவில்லை. காற்றுப்பையின் எச்சரிக்கை விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. அதற்குச் சில நாள் முன்பு வேறோர் இடத்தில் ஸ்டீயரிங்கைக் கழற்றிப் பூட்டியிருந்தார்கள். கூட்டைத் திறந்தபோது, நாடா உள்முனைக்கு அருகில் மடிந்து, மடிப்பிலேயே குறுக்காகக் கிழிந்திருந்தது. ஸ்டீயரிங் வெளியே இருந்த நேரத்தில் கூட்டை யாரோ கையால் சுழற்றிவிட்டு, நடுநிலை பார்க்காமலே பூட்டியிருக்க வேண்டும். பிறகு வண்டியை ஒரு பக்கம் முழுதாக ஒடித்ததும் நாடாவில் நீளம் தீர்ந்துபோயிருக்கிறது. நடுநிலை காண்பதற்குப் பல கார்களில் கூட்டை ஒரு பக்கம் மெதுவாக, தடை தட்டும் வரை மட்டும் சுழற்றி, அங்கிருந்து கையேடு சொல்லும் அளவுக்கு, பெரும்பாலும் இரண்டரைச் சுற்று, திரும்பி வந்து அம்புக்குறிகளைப் பொருத்துகிறார்கள். ‘சுருள்நாடா’ என்று சொன்னால் இவ்வளவும் பாதி விளங்கிவிடுகிறது: நாடாவுக்கு நீளம் உண்டு, அது தீரும், இழுத்தால் அறும். ‘சுருள்வடம்’ என்ற மாற்றும் வந்திருக்கிறது. ஆனால் வடம் என்றதும் தேர்வடம்போல் பருத்து உருண்ட ஒன்றுதான் மனத்தில் தோன்றுகிறது. ஒலிநாடா என்ற சொல்லால் பழகிய தட்டை உருவம் நாடாவில் இருக்கிறது.

நம் பட்டியலிலேயே இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. கப்பாசிட்டருக்கு வழங்கும் ‘மின்தேக்கி’யைச் சொல்கிறேன். பாட்டரியின் எதிர்மின் முனையைக் கழற்றிய பிறகும், கையேட்டில் சொன்ன நேரம் முழுவதும் காத்திருந்துதான் காற்றுப்பையைத் தொட வேண்டும் என்பதற்குக் காரணம், விபத்தில் பாட்டரி துண்டிக்கப்பட்டாலும் பை விரிய வேண்டும் என்று கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் மின்தேக்கியில் மின்சாரம் சேமிக்கப்பட்டிருப்பதுதான். சொல்லே காரணத்தையும் சொல்லிவிடுகிறது. அதேபோல, மோதலில் ஓட்டுநரின் மார்பில் குத்தாமல் உள்ளே ஒடுங்கும்படி செய்யப்பட்ட ஸ்டீயரிங் தண்டை ‘ஒடுங்குதண்டு’ என்று எழுதினால், இறுகிய ஸ்டீயரிங்கைக் கழற்றச் சுத்தியலால் தண்டின் முனையில் அடிக்கலாமா என்ற கேள்விக்கே இடமில்லை. இழுப்பி (புல்லர்) என்ற கருவியைப் போட்டுத்தான் எடுக்க வேண்டும். அப்போதும் நட்டை முழுதாகக் கழற்றாமல் சில மரைகளில் விட்டுவைத்தால், ஸ்டீயரிங் திடீரென விடுபட்டு முகத்தில் மோதாது.

அடுத்ததாக, ஸ்டீயரிங்குக்கு வைத்திருக்கும் ‘திசைமாற்றுச் சக்கரம்’. தனியாகப் பார்த்தால் குறையில்லாத சொல்தான். ஆனால் கையேட்டில் ‘முன்சக்கரங்களை நேராக நிறுத்திவிட்டு, சக்கரத்துக்கும் தண்டுக்கும் சேர்த்து அடையாளக் கோடு இடுக’ என்று வரும் இடத்தில் படிப்பவர் தடுமாறுகிறார். சாலையில் உருள்வதைச் சக்கரம் என்றும் கையில் பிடிப்பதை ‘திருப்புவளையம்’ என்றும் பிரித்துவிடுவது நல்லது. சுக்கான் அழகான சொல்லாயினும், அது கப்பலில் நீருக்குள் இருக்கும் பலகையைக் குறிப்பது. கையில் பிடிக்கும் உறுப்புக்கு அதைக் கொண்டுவர வேண்டாம் என்பது என் கருத்து.

இப்படிப் பிரித்துச் சொல்வது அலைன்மென்ட் என்ற சொல்லுக்கு வரும்போது இன்னும் தேவைப்படுகிறது. ‘சீரமைப்பு’ என்ற ஒரே சொல்லை இரண்டு வேலைகளுக்குப் போட்டிருக்கிறோம். சாலையில் நேராகப் போகும்போது திருப்புவளையம் சற்றுச் சாய்ந்து நின்றால், அதைக் கழற்றி ஒரு பல் தள்ளிப் பூட்டிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். வளையம் மாட்டும் தண்டின் முனையைச் சுற்றி 36 வரிப்பற்கள் (ஸ்ப்ளைன்) இருந்தால் ஒரு பல் என்பது 10 பாகை. நான்கு பாகைச் சாய்வை அதனால் தீர்க்க முடியாது. கழற்றும்போது இட்ட அடையாளப்படியே பூட்டியும் சாய்வு இருக்கிறதென்றால், பழுது பெரும்பாலும் கீழே, முன்சக்கரங்களைத் திருப்பும் இணைப்புத் தண்டுகளான டை ராடுகளின் நீளத்தில் இருக்கிறது. ஒரு பக்கத்து டை ராடைக் குறைத்த அளவுக்கு மறுபக்கத்ததை நீட்டினால், இரண்டு சக்கரங்களின் முன்பக்கமும் உள்நோக்கித் திரும்பியிருக்கும் மொத்த அளவு மாறாமல் வளையம் நேராகும். வளையம் திரும்பும் கோணத்தை அளக்கும் உணரி வளையத்தோடு சேர்ந்து சுழலும் கார்களில் பல் மாற்றிப் பூட்டினால், வண்டி நேராகப் போகும்போதே அது திரும்புவதாகக் கட்டுப்பாட்டுக் கருவிக்குத் தகவல் போகும். ஆகவே வளையத்தைத் தண்டில் சரியான பல்லில் உட்காரவைப்பதை ‘நேர்ப்படுத்தல்’ என்றும், சக்கரங்களின் கோணங்களைத் திருத்துவதைச் ‘சக்கரக் கோணச் சீரமைப்பு’ என்றும் வைக்கலாம். பின்னது நீளந்தான், ஆயினும் திருத்தப்படுவது கோணம் என்பது அதில் இருக்க வேண்டும்.

ஸ்ப்ளைனுக்கு ‘வரிப்பல்’ என்பதை யாரும் மறுக்கவில்லை. தண்டின் நெடுக்கே வரிவரியாக ஓடுவதால் பொருத்தமே. டார்க் என்பதற்கு ‘முறுக்குவிசை’ ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. நட்டை இறுக்கும் அளவை ஒவ்வொரு காருக்கும் அதன் கையேட்டில் உள்ளபடியே நியூட்டன் மீட்டரில் தர வேண்டும். ‘நன்றாக இறுக்கவும்’ என்று எழுதிவிடக் கூடாது.

காற்றுப்பையைக் கையாளும் பகுதியில் ஒரு வரி மட்டும் திருத்தம் கோருகிறது. ‘பையைக் கவிழ்த்து வைக்கவும்’ என்று வரைவில் இருப்பது தலைகீழான பொருளைத் தருகிறது. மூடியின் முகப்பு மேலே பார்க்கும்படி மேசையில் வைக்க வேண்டும். முகப்பைக் கீழே வைத்துத் தவறி விரிந்தால் முழுத் தொகுதியும் மேலே எறியப்படும். ‘முகப்பு மேல்நோக்கி இருக்க, மல்லாத்தி வைக்கவும்’ என்று இன்றே மாற்றிவிட்டு, மற்றச் சொற்களைப் பொறுமையாகப் பேசலாம்.