அதே தண்ணீர், அதே எரு: பீன்ஸ் மட்டும் ஏன் கருகுகிறது?

பாத்திக்காரன்:
கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உப்பு. அடுத்தடுத்த பாரில் பீன்ஸும் பீட்ரூட்டும் போட்டேன். பீன்ஸில் அடி இலைகளின் ஓரம் காய்ந்து நொறுங்குகிறது. பீட்ரூட்டுக்கு ஒன்றுமே ஆகவில்லை. மண் பரிசோதனையில் (பசையாகக் குழைத்து வடித்த சாறு) ஈசி (மின்கடத்துத்திறன், உப்பின் அளவைக் காட்டும்; dS/m அலகில்) 3.5, பிஎச் 7.6. ஈசி 4-க்குக் கீழே என்றால் உவர் மண் இல்லை என்கிறார்களே?

மண்வெட்டி:
ஜிப்சம் போடுங்கள், சரியாகிவிடும்.

உவர்க்காட்டான்:
ஜிப்சம் வேண்டாம். அது களர் மண்ணுக்கு (சோடியம் ஏறி, பிஎச் உயர்ந்த மண்) மருந்து. அங்கே மண்ணில் ஒட்டிய சோடியத்தைக் கால்சியம் விரட்டும். உங்கள் பிஎச்சுக்கு அது களர் இல்லை. உவரில் போட்டால் இன்னும் கொஞ்சம் உப்பு சேரும், அவ்வளவுதான். நானும் போட்டு ஏமாந்தவன்.

4 என்பது மண்ணுக்குப் பெயர் வைக்கப் போட்ட கோடு. செடிக்கு அது தெரியாது. பீன்ஸ் ஈசி 1-ஐத் தாண்டினாலே திணறும். அதற்குமேல் ஒவ்வொரு அலகுக்கும் விளைச்சல் சுமார் 19 சதவீதம் போகும். 3.5-இல் கிட்டத்தட்ட பாதிதான் மிஞ்சும். தக்காளி 2.5, பீட்ரூட் 4, பார்லி 8 வரை தாங்கும்.

பீட்ரூட்டின் மூதாதை கடலோரத்துக் காட்டுச்செடி. உப்பை இலைக்குள் விட்டு, செல்லின் நடுவே உள்ள நுண்குமிழியில் பூட்டி வைக்கும். அந்த உப்பே தண்ணீரை உள்ளே இழுக்கவும் உதவும். பீன்ஸுக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. இலையில் சேரும் உப்பு நாள்பட்ட அடி இலையில்தான் அதிகம், அதனால் கருகலும் அங்கே தொடங்கும்.

பாத்திக்காரன்:
அப்படியானால் போன வாரம் விதைத்த பீட்ரூட் ஏன் பாதிகூட முளைக்கவில்லை?

உவர்க்காட்டான்:
பாரின் உச்சியில் ஊன்றினீர்களா? பார்களுக்கு நடுவே உள்ள சாலில் விட்ட தண்ணீர் மேலே ஏறி ஆவியாகும்போது உப்பை உச்சியில்தான் விட்டுப்போகும். வளர்ந்த பீட்ரூட் வீராப்பாக நிற்கும், முளைக்கும்போது அதுவும் குழந்தைதான். பக்கச் சரிவில் ஊன்றுங்கள். அதற்கு முன் ஒரு முறை நன்றாகத் தண்ணீர் கட்டி, உப்பு வேருக்குக் கீழே இறங்க விடுங்கள். வடிகால் இருந்தால் மட்டும், இல்லையென்றால் அது அங்கேயே தங்கி மறுபடி மேலே வரும்.

பாத்திக்காரன்:
உச்சியில்தான் ஊன்றினேன். சரி, மறுபடி விதைக்கிறேன்.