மேலத்தெரு வீடு குழு: ஓட்ஸ் வாங்கப் போகும் சித்தப்பா

குமார் சித்தப்பா: ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. கெட்ட கொழுப்பு 158. மூன்று மாதம் சாப்பாட்டைச் சரிசெய்து பார்க்கலாம், ஓட்ஸ் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறார் டாக்டர். கடையில் நாலைந்து விதம் இருக்கிறது. எதை வாங்க?

மன்னார்குடி அத்தை: காலையில் இட்லி இல்லாமல் நீயா? நடக்கிற காரியமா தம்பி?

பிரபு: ஒரே வாரம் ஓட்ஸ் கஞ்சி குடித்தால் 10 கிலோ குறையும், முகம் பளபளக்கும் என்று ஒரு செய்தி வந்தது. அனுப்பட்டுமா?

நிவேதா: வேண்டாம் அண்ணா, அப்படியெல்லாம் குறையாது.

நிவேதா: சித்தப்பா, மசாலா போட்ட பாக்கெட்டை எடுக்காதீர்கள், உப்பு அதிகம். பின்பக்கப் பொருள் பட்டியலில் ஓட்ஸ் என்று மட்டும் இருக்க வேண்டும். அவல் மாதிரி அகலமாக இருக்கும் ரோல்டு ஓட்ஸ் போதும். இன்ஸ்டன்ட் ரகம் சீக்கிரம் செரித்து ரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும். உங்களுக்கு வேலை செய்யப்போவது அதிலுள்ள பீட்டா குளுக்கான் என்ற நார். கஞ்சி கொழகொழவென்று வருவதே அதனால்தான். அது குடலில் பித்த அமிலத்தைப் பிடித்து வெளியே அனுப்பிவிடும். கல்லீரல் மறுபடி பித்தம் செய்ய, ரத்தத்தில் இருக்கும் கொழுப்பை எடுத்துக்கொள்ளும். இதற்குத் தினம் 3 கிராம் நார் வேண்டும், அதாவது 75, 80 கிராம் ஓட்ஸ். அமெரிக்காவில் 1997-லேயே இதை அட்டையில் போட்டுக்கொள்ள அனுமதி கொடுத்துவிட்டார்கள். கெட்ட கொழுப்பு 5, 6 சதவீதம் குறையலாம். பிறகு டாக்டர் மாத்திரை எழுதினால் அதையும் போட வேண்டும்.

குமார் சித்தப்பா: 80 கிராம் கஞ்சியா!

நிவேதா: காலையில் பாதி, ராத்திரி பாதி. முதல் வாரம் கொஞ்சமாக ஆரம்பியுங்கள், இல்லையென்றால் வயிறு உப்பும். தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

மன்னார்குடி அத்தை: உப்புமாவாகச் செய்யச் சொல். வெறும் வாணலியில் வாசனை வரும்வரை வறுத்து எடுத்து வைக்கவும். தாளித்து, சின்ன வெங்காயம், கேரட் வதக்கி, ஓட்ஸைப் போட்டுத் தண்ணீரைக் கையால் தெளித்துத் தெளித்துக் கிளற வேண்டும். ரவைக்கு ஊற்றுகிற மாதிரி ஊற்றினால் களிதான்.

பெரியப்பா: காவிரிக் கரையில் உட்கார்ந்துகொண்டு ஓட்ஸா? பத்தாயத்தில் மாப்பிள்ளைச் சம்பா கிடக்கிறது.

நிவேதா: அதுவும் நல்லதுதான் பெரியப்பா, தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் இந்த நார் அரிசியில் பேருக்குத்தான் இருக்கிறது. பார்லியில் நிறைய உண்டு. ஓட்ஸ் குளிர்ப் பிரதேசப் பயிர். வடக்கே பஞ்சாப், ஹரியானா பக்கம் குளிர்காலத்தில் பெரும்பாலும் மாட்டுத் தீவனத்துக்குப் போடுகிறார்கள்.

பெரியப்பா: பார்த்தாயா குமாரு, மாட்டுத் தீவனம்!

பெரியம்மா: நீங்கள் பேசாதீர்கள். அறுப்பு மிஷின் பின்னாலேயே நின்றுவிட்டு வந்து, நெல் சுணை பட்டு நேற்று ராத்திரியெல்லாம் சொறிந்துகொண்டிருந்தது யார்? நிவேதா, ஓட்ஸை உடம்புக்கும் தேய்க்கலாமாமே?

நிவேதா: அரிப்புக்கு நல்லது பெரியம்மா. அவெனாந்த்ரமைடு என்று ஒன்று ஓட்ஸில் இருக்கிறது, அது அரிப்பையும் சிவப்பையும் அடக்கும். அமெரிக்க மருந்துத் துறை 2003-இல் நைஸாக அரைத்த ஓட்ஸைச் சருமப் பாதுகாப்புப் பொருளாக ஏற்றுக்கொண்டது. மிக்ஸியில் மாவாக அரைத்துக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் போட்டுக் கலக்கினால் பால் மாதிரி நிற்க வேண்டும். அடியில் தங்கினால் இன்னும் அரைக்க வேண்டும். ஒரு கைப்பிடியைப் பழைய வேட்டித் துணியில் முடிந்து, வெதுவெதுப்பான தண்ணீர் வாளியில் பிழியுங்கள். வழுவழுவென்று வருவதைக் கையில், கழுத்தில் ஒற்றி, கால்மணி நேரம் விட்டுக் கழுவலாம். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், அது அரிப்பைக் கூட்டும். அன்று சோப்பும் வேண்டாம். துடைத்த கையோடு தேங்காய் எண்ணெய் தடவிவிடுங்கள். குளியலறைத் தரை வழுக்கும், பாட்டியைத் தனியாக விடாதீர்கள்.

பிரபு: அப்போ முகம் வெளுக்காதா?

நிவேதா: வெளுக்காது. வறண்ட தோலுக்கு இதம், அவ்வளவுதான். பயத்தம் மாவு அழுக்கை எடுக்கட்டும், இது அரிப்பைப் பார்த்துக்கொள்ளும்.

திருவாரூர் அக்கா: பாப்பாவுக்கு முழங்கை மடிப்பில் கரப்பான் மாதிரி இருக்கிறது, போடலாமா?

நிவேதா: முதலில் டாக்டரிடம் காட்டுங்கள் அக்கா. அவர் சரி என்றால், முதலில் மணிக்கட்டில் கொஞ்சம் தடவி ஒருநாள் பாருங்கள். சில குழந்தைகளுக்கு ஓட்ஸே ஒத்துக்கொள்ளாது. தோல் வெடித்து நீர் வடிகிற இடத்தில் போடவே வேண்டாம்.

குமார் சித்தப்பா: சாயங்காலம் கும்பகோணம் போகிறேன். யாருக்கெல்லாம் வேண்டும்?

மன்னார்குடி அத்தை: எனக்கு அரை கிலோ.

பெரியப்பா: எனக்கும் ஒரு பாக்கெட். குளிக்க மட்டும்.