சித்தாங் முகத்துவாரத்துப் பழைய ஊர்கள் தெரிந்தவர்கள் உதவுங்கள்

பெரியவர்களுக்கும் அண்ணன் அக்காமாருக்கும் வணக்கம். பர்மாவில் பெகுவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் அப்பத்தா பிறந்த நெல் கிராமம் தனப்பின், கவா பக்கம், சித்தாங் ஆற்றின் மேற்குக் கரையில் இருந்தது. இப்போது அந்த இடத்தில் தண்ணீர்தான்.

சித்தாங் சுமார் 420 கிலோமீட்டர்தான், ஐராவதியோடு பார்த்தால் சின்ன ஆறு. பெகு யோமா மலைத்தொடருக்கும் ஷான் மலைக்கும் நடுவே தவுங்கு, ஞாங்லெபின் வழியாக அமைதியாகத்தான் வருகிறது. ஆனால் மொட்டமா வளைகுடா புனல் மாதிரி குறுகுவதால், பெரிய கடலேற்றத்தின்போது கடல்நீர் சுவராக எழும்பி ஆற்றுக்குள் ஏறும், அதுதான் வண்டல் கரையை அறுத்து அறுத்து ஊர் ஊராகக் கொண்டுபோகிறது, ஒரு கரையில் அறுத்த மண் மறுகரையில் மேடாகும்.

வீட்டில் ஒரு நிலவரி ரசீது இருக்கிறது. சரியாக மடிப்பில் ஊர்ப்பெயர் கிழிந்து, பர்மிய எழுத்தில் கடைசி 'சு' மட்டும் தெரிகிறது. வாசலில் நின்றால் ஆற்றுக்கு அப்பால் கிழக்கே மலை தெரியும், வரப்போரம் ஒரு மாரியம்மன் கல் இருந்தது என்கிறார் அப்பத்தா.

அந்தப் பக்கமிருந்து இடம் மாறி வந்த குடும்பங்கள் யாராவது இருக்கிறீர்களா? 1960க்கு முந்தைய வரைபடமோ, ஊர்ப்பெயரோ, படமோ இருந்தால் அனுப்புங்கள். அப்பத்தாவுக்கு 86 வயது, ஒரு தடவையாவது படகில் கூட்டிப்போய் இங்கேதான் என்று காட்ட வேண்டும்.