நோயாளியைப் பார்க்காமலே ஆஸ்பத்திரி திருப்பி அனுப்பியது கவனயீனமா? சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கோ

அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம். குழுவில் சட்டத்தரணிகள் யாரும் இருந்தால் கொஞ்சம் உதவுங்கோ.

நாங்கள் மாங்குளத்துக்கு உள்ளே இருக்கிறோம். போன மாதம் ஒரு இரவு அப்பாவுக்கு நெஞ்சு நோ. 1990 நம்பருக்கு அடித்தால் வாற அம்புலன்ஸ் வரும்வரை பொறுக்காமல் பக்கத்து வீட்டு ஓட்டோவில் ஏற்றி ஒரு தனியார் வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம் (அது எங்கள் பிழைதான்). கவுண்டரில் முதலில் கேட்டது முற்பணம். அப்பா சேட்டு நனைய வியர்த்தபடி வாங்கில் இருந்தார். பிரஷர்கூடப் பார்க்காமல், "பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ" என்றார்கள். அங்கே ஈ.சி.ஜி. எடுத்து மாரடைப்பு என்றார்கள். உயிர் தப்பிவிட்டார். ஆனால் கிணற்றடிக்குப் போனாலே இளைக்கிறது, இனி எங்கே வயல்!

அமெரிக்காவில் இருக்கும் மச்சான் சொன்னார், அங்கே எம்டாலா என்று 1986ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறதாம். மெடிக்கெயார் என்ற அரச மருத்துவக் காப்புறுதித் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்கு யார் வந்தாலும், காசு இருக்கோ இல்லையோ, பரிசோதித்தே ஆகவேண்டும். பார்க்காமல் திருப்பினால் அந்தச் சட்டத்தின் கீழ் வழக்கு. பார்த்துப் பிழையாக வைத்தியம் செய்தால் அது கவனயீனம், வேறு வழக்கு.

இங்கே இலங்கையில் பார்க்காமல் அனுப்பியதையே கவனயீனம் என்று எடுக்கலாமா? ஒரு பிள்ளை இறந்ததுக்கு வைத்தியர் பிரியானி சொய்சா மேல் போட்ட வழக்கில் கவனயீனம் இருந்தும், அதுதான் இறப்புக்குக் காரணம் என்று நிரூபிக்காததால் நட்டஈடு கிடைக்கவில்லையே. அந்தத் தாமதத்தால்தான் அப்பாவுக்கு இப்படி ஆனது என்று நாங்கள் எப்படிக் காட்டுவது? கையில் ஒரு துண்டுகூட இல்லை. ஓட்டோக்கார அண்ணா மட்டும் சாட்சி. கமராப் பதிவைக் கேட்டு இப்பவே கடிதம் போடலாமா? வழக்குப் போட 2 வருடம்தான் காலக்கெடு என்றார்கள். கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் இப்படி வழக்குப் பேசிய சட்டத்தரணி யாரையும் தெரிந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கோ.