நம்ம பிஎச்பி கோடு எங்கே ஓடுகிறது? உறைத்த நாளைச் சொல்லுங்கள்

நெல்லைக்காரன்

நேற்று ராத்திரி அக்கா மகன் போன் செய்தான். காலேஜில் வெப்சைட் செய்கிற மொழியான பிஎச்பி ஆரம்பித்திருக்கிறார்களாம். "மாமா, ஃபைலைத் திறந்தா நான் எழுதின கோடுதான் அப்படியே தெரியுது. ஓடவே மாட்டேங்குது." பயல் ஃபைலை இழுத்துக் கொண்டுபோய் பிரௌசரில் போட்டிருக்கிறான். சிரித்துவிட்டேன். அப்புறம் என் கதை ஞாபகம் வந்தது.

2003, பாளையங்கோட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். சாதாரண ஹெச்டிஎம்எல் பக்கத்தின் நடுவில் ஒரு பிஎச்பி வரியைச் செருகி, தடித்த எழுத்தில் 'ஹலோ' என்று காட்டச் சொல்லியிருந்தேன். ஹலோ வந்தது! ஆனால் தடிமன் இல்லை. வாலில் ஒரு மேற்கோள் குறி, அரைப்புள்ளி, கேள்விக்குறி, ஒரு கோண அடைப்பு. ஏதோ டிசைன் கோளாறு என்று ஒரு வாரம் அந்த வாலை வெட்டப் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையில் பிஎச்பி ஓடவே இல்லை. பிரௌசருக்கு அந்த மொழி தெரியாது. கேள்விக்குறியோடு தொடங்கும் டேகைப் பார்த்ததும் ஏதோ குறிப்பு என்று நினைத்து அடுத்த கோண அடைப்பு வரை விழுங்கிவிட்டு, மிச்சத்தைத் திரையில் துப்பியிருக்கிறது. அந்த மிச்சத்தில் என் ஹலோவும் இருந்தது.

பக்கத்து சீட்டு அண்ணன் ஒருவர்தான், கேட்கிற பிரௌசருக்குப் பக்கத்தை அனுப்பும் சர்வர் மென்பொருளான அப்பாச்சியை பிஎச்பியோடு போட்டுக் கொடுத்து, ஃபைலை அதன் ஃபோல்டரில் வைத்து, அதே கம்ப்யூட்டரைக் குறிக்கும் லோக்கல்ஹோஸ்ட் என்று முகவரி அடிக்கச் சொன்னார். வந்த பக்கத்தில் வலது கிளிக் செய்து சோர்ஸைப் பார்த்தால் நான் எழுதிய பிஎச்பி ஒரு வரிகூட இல்லை, விடை மட்டும்தான் இருக்கிறது. அன்றைக்குத்தான் இது இரண்டு இடத்து விவகாரம் என்று உறைத்தது: கோடு ஓடுவது சர்வரில், பிரௌசருக்கு வருவது விடை மட்டும்.

பிஎச்பியை உருவாக்கிய ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1994இல் அதைத் தொடங்கியதே தன் பயோடேட்டா பக்கத்தை யார் வந்து பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான். நானும் முதலில் செய்தது வருகை எண்ணிதான். ஒரு டெக்ஸ்ட் ஃபைலைத் திற, எண்ணைப் படி, ஒன்று கூட்டு, திரும்ப எழுது. சென்டரில் இருந்த எல்லோரும் ஒரே நேரத்தில் ரெஃப்ரெஷ் அடித்ததில் நானூற்றுச் சொச்சத்தில் இருந்த எண்ணிக்கை 1 ஆகிவிட்டது. ஒருவருக்காக ஃபைல் எழுதத் திறந்து காலியாக இருந்த நொடியில் இன்னொருவருக்கான ஓட்டம் வந்து அதைப் படித்திருக்கிறது. காலி என்றால் பூஜ்யம், அதோடு ஒன்று கூட்டினால் 1. ஃபைலைப் பூட்டிவிட்டு எழுத வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது. என் கோடு ஒன்றுதான், ஆனால் அது ஒரே நேரத்தில் பத்துப் பேருக்காக ஓடும் என்று எந்தப் பாடத்திலும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

உங்களுக்கு எப்போது உறைத்தது? எழுதுங்கள், பையனிடம் காட்ட வேண்டும்.

மண்டபத்து மருமகன்

திண்டுக்கல் பக்கம் மாமனாருக்கு ஒரு கல்யாண மண்டபம். 2011இல் புக்கிங் நோட்டை ஒழித்துக்கட்டுகிறேன் என்று வீராப்பாக இறங்கினேன். இரண்டு மாதம் நன்றாகத்தான் போனது. ஒரு நாள் மாமா கூப்பிட்டார்: "மாப்பிள்ளை, ஒரே முகூர்த்தத்துக்கு ஒரே ஆளு மூணு தடவை கல்யாணம் பண்றானா?"

பார்த்தால் ஒரே பார்ட்டிக்கு மூன்று பதிவு, மூன்று அட்வான்ஸ் ரசீது. நெட் மெதுவாக இருந்ததால் ஆபீஸ் பையன் எஃப்5ஐத் தட்டியிருக்கிறான். பிரௌசர் "மறுபடி அனுப்பட்டுமா?" என்று கேட்டிருக்கிறது, இவனும் சரி சரி என்று அழுத்தியிருக்கிறான். ஒவ்வொரு தடவையும் ஃபார்ம் முழுசாகத் திரும்ப சர்வருக்குப் போயிருக்கிறது. சர்வருக்கு முந்தைய நிமிடம் என்ற ஒன்றே கிடையாது. வருகிற ஒவ்வொரு கோரிக்கையும் அதற்குப் புது ஆள்தான். பதிவு முடிந்த கையோடு பிரௌசரை வேறு பக்கத்துக்குத் திருப்பி அனுப்பிவிட்டால், எஃப்5 அடித்தாலும் அந்தப் பக்கம்தான் திரும்ப வரும். தேதிக்கு ஒரே பதிவு என்று டேட்டாபேஸிலும் பூட்டுப் போட்டேன். இரண்டாவதை முதலிலேயே செய்திருக்க வேண்டும், அது என் சோம்பேறித்தனம்.

அடுத்த தலைவலி கணக்கு. விடிகாலை நாலரைக்கு முகூர்த்தத்துக்கு வந்து பாக்கிப் பணம் கட்டுவார்கள். அது முந்தின நாள் வரவில் போய் உட்காரும். மாமா இரண்டு முறை பையன்மேல் சந்தேகப்பட்டார், பாவம். சர்வர் யூடிசி என்கிற உலகப் பொது நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நமக்கும் அதற்கும் ஐந்தரை மணி வித்தியாசம். காலை ஐந்தரை ஆகும்வரை அதற்கு இன்னும் நேற்றுதான். நேர மண்டலப் பட்டியலில் சென்னையைத் தேடிக் கிடைக்காமல், கடைசியில் ஆசியா/கொல்கத்தா என்று போட்டேன். அப்புறமும் பாதிப் பதிவுகள் தப்பு. பிஎச்பி கடிகாரத்தைத் திருத்தினேனே தவிர, டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல்லுக்குத் தனிக் கடிகாரம் உண்டு என்பது தெரியாது.

வடமராட்சியான்

எங்கள் ஊருக்கென்று ஒரு தளம் செய்து தரச் சொல்லி 2012இல் கேட்டார்கள். கோயில் திருவிழாப் படங்கள் எல்லாம் இரண்டாம் பட்சம். கனடாவிலும் சுவிஸிலும் இருக்கிற சனம் வந்து பார்ப்பது மரண அறிவித்தலைத்தான். என் மடிக்கணினியில் எல்லாம் சரியாக வேலை செய்தது. வழங்கியில் (சர்வரில்) ஏற்றிய பிறகு முதல் பதினொரு அறிவித்தல்களும் வெறும் கேள்விக்குறிகளாக வந்தன. எழுத்துருப் பிரச்சினை என்று நினைத்து வாறவர்களுக்கெல்லாம் எழுத்துரு இறக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன், வெட்கக்கேடு.

அங்கே தரவுத்தள அட்டவணை லத்தீன் எழுத்துகளுக்கென்றே உருவாகியிருந்தது. தமிழ் எழுத்துக்கு அதில் இடமில்லை, ஆகவே ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறியைப் போட்டுச் சேமித்துவிட்டது. இதில் இரண்டு வகை உண்டு, புதியவர்கள் கவனிக்க வேண்டும். மேலே தொப்பி போட்ட ஐரோப்பிய எழுத்துகள் மாதிரிக் குப்பையாகத் தெரிந்தால் பெரும்பாலும் மீட்கலாம். பைட்டுகள் அப்படியே இருக்கின்றன, வாசிக்கிற முறைதான் பிழை. சேமித்ததே கேள்விக்குறி என்றால் போனது போனதுதான். பதினொரு குடும்பங்களுக்கும் தொலைபேசி எடுத்து, "அப்புவின் பெயரை இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்று கேட்டேன். ஒரு அம்மா அழுதுகொண்டே எழுத்தெழுத்தாகச் சொன்னா. அதற்குப் பிறகு எழுத்துக் குறிமுறையைப் பார்க்காமல் நான் ஒரு அட்டவணையும் உருவாக்கியதில்லை.

அடுத்தது முகப்புப் பக்கம். அறிவித்தலின் முதல் 100 எழுத்தை மட்டும் வெட்டிக் காட்டச் சொன்னால், சில வரிகளின் முடிவில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி. யுனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். பிஎச்பியின் சாதாரண வெட்டு பைட்டைத்தான் எண்ணும், ஆகவே எழுத்தின் நடு வயிற்றில் கத்தி விழுகிறது. 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் என்ன என்று கேட்டால் 15 என்கிறது. பல பைட் எழுத்துகளுக்கான எம்பி செயற்கூறுகளிடம் (ஃபங்ஷன்களிடம்) கேட்டால் 5: த, ம, இகரக் கொம்பு, ழ, புள்ளி. நம் கண்ணுக்கோ மூன்றே எழுத்து. எம்பியை வைத்து வெட்டினேன், வைரம் போனது. ஆனால் 'அமரர்' என்பது புள்ளியை இழந்து 'அமரர' என்று நின்றது, 'கதிர்காமு' வெறும் 'கதிர்காம' ஆனார். கடைசியில் இன்டில் என்கிற நீட்சியில் உள்ள கிராஃபீம் செயற்கூறுகள்தான் நம்மைப் போல மூன்று என்று எண்ணின.

பெயர்களை அகரவரிசையில் அடுக்கப் போனது அதைவிடப் பெரிய கூத்து. யுனிகோட் எண்களின் வரிசை நம் பாலர் வகுப்பு வரிசை இல்லை. ன அங்கே ந-வுக்கும் ப-வுக்கும் நடுவில் இருக்கிறது. புள்ளிக்கான எண் உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னால் வருவதால், க் என்பது கௌ-வுக்கும் பிறகு போய் நிற்கும். அதே இன்டில் நீட்சியில் கொலேட்டர் என்று ஒன்று இருக்கிறது, தமிழ் என்று சொன்னால் சரியாக அடுக்கும். அதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வருடம்.

முத்துநகர்

மேலே உள்ளவர் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். என் கதை சிரிப்புக் கதை.

தூத்துக்குடியில் ஒரு பங்குக் கோயிலுக்குக் குடும்பப் பட்டியல் செய்து கொடுத்தேன். பி.எட். முடித்து வேலைக்குக் காத்திருந்த நேரம், 2009. வீட்டு கம்ப்யூட்டரில் நூறு பெயர் ஏறிய பிறகு ஒரு பெயர் ஏற மறுத்தது. எங்கள் ஊரில் டிக்ரூஸ், டிசோசா, டிசில்வா எல்லாம் தெருவுக்கு நாலு பேர். ஆங்கிலத்தில் எழுதும்போது டிக்குப் பின்னால் ஒரு ஒற்றை மேற்கோள் குறி வரும் இல்லையா, அதைப் பார்த்ததும் பெயர் முடிந்துவிட்டது என்று டேட்டாபேஸ் நினைத்துக்கொள்கிறது. மிச்சமுள்ள 'க்ரூஸ்' என்னவென்று புரியாமல் பிழை சொல்கிறது.

யாரோ சொன்னார்கள் என்று, மேற்கோளுக்கு முன்னால் பின்சாய்வுக் கோடு போடும் செயற்கூறைச் சேர்த்தேன். வீட்டில் சரியாயிற்று. ஆனால் தளத்தை ஏற்றிய ஹோஸ்டிங் சர்வரில், அந்தக் காலத்து பிஎச்பியில் மேஜிக் கோட்ஸ் என்று ஒரு அமைப்பு இதையே தானாகவும் செய்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. அங்கே பெயருக்குள் ஒரு பின்சாய்வுக் கோடு வந்தது. திருத்தலாம் என்று திறந்து திரும்பச் சேமித்தேன், மூன்று. இன்னொரு முறை, ஏழு. ஃபாதர் "என்னம்மா, பெயருக்கு நடுவுல வேலி கட்டியிருக்க?" என்றார்.

தம்பி அந்த லீவுக்கு வந்திருந்தான். வீட்டு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, லாகின் பக்கத்தில் பாஸ்வேர்டுக்குப் பதிலாக ஒரு மேற்கோள், 'அல்லது', ஒன்று சமம் ஒன்று என்று ஏதோ அடித்தான். நேராக ஃபாதர் கணக்கில் உள்ளே போய்விட்டான். ஒன்று எப்போதும் ஒன்றுதானே, நிபந்தனை எல்லா வரிக்கும் உண்மையாகிவிட்டது, முதல் வரியில் இருந்தவர் ஃபாதர். எனக்குக் கை காலெல்லாம் சில்லிட்டது. டிக்ரூஸ் வீட்டுக்காரர்கள் ஒரு பாவமும் அறியாமல் அதே ஓட்டையைத்தான் இத்தனை நாளாக எனக்குக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அன்றைக்கே எல்லாவற்றையும் மாற்றினேன் என்று சொல்ல ஆசைதான். இல்லை. ஆங்காங்கே ஒட்டுப் போட்டேன். 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7 பழைய மைஎஸ்கியூஎல் செயற்கூறுகளை அடியோடு எடுத்துவிட்டது. ஹோஸ்டிங்கில் அந்தப் பதிப்பை ஏற்றிய அன்று என் பக்கங்கள் வெள்ளைத் தாளாக நின்றன. வேறு வழியில்லாமல், டேட்டாபேஸோடு பேசும் இன்னொரு வழியான பிடிஓவுக்கு மாறினேன். கேள்வியைத் தனியாக, மதிப்பைத் தனியாக அனுப்புவது அதில்தான் பழகியது. இப்போது டிக்ரூஸ் டிக்ரூஸாகவே போய் டிக்ரூஸாகவே வருகிறார்.

இரண்டு ராத்திரி

சின்னது. லாகின் செய்தால் 'ஹெடர் ஏற்கெனவே அனுப்பியாயிற்று, முதல் வரி' என்று பிழை. முதல் வரியில் ஒன்றும் இல்லை. ஒரு ஸ்பேஸ் கிடையாது. இரண்டு ராத்திரி. தமிழ் சேர்க்க வேண்டும் என்று நோட்பேடில் யூடிஎஃப்-8ஆகச் சேமித்திருந்தேன். அந்தக் காலத்து நோட்பேட் ஃபைலின் தலையில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டைச் சேர்த்துவிடும். பக்கத்தில் எதையாவது அனுப்புவதற்கு முன்பே, லாகினை நினைவில் வைக்கும் குக்கீ ஹெடரில் போக வேண்டும் இல்லையா, அந்த மூன்று பைட் முந்திக்கொண்டது. எடிட்டரை மாற்றினேன், தூங்கினேன்.

நெல்லைக்காரன்

பிழைச் செய்தி என்றதும் ஞாபகம் வருகிறது. ஒரு டாலர் குறியை விட்டதற்கு 'பாமாயிம் நெகுதோதாயிம் எதிர்பார்க்கப்பட்டது' என்று வந்தது. வைரஸ் என்று நினைத்து கம்ப்யூட்டரை அணைத்துவிட்டேன். எபிரேய மொழியில் இரட்டை முக்காற்புள்ளிக்கு (::) அந்தப் பெயராம். பிஎச்பியைத் திரும்ப எழுதி 1998இல் பிஎச்பி 3ஆகக் கொண்டுவந்த ஆண்டி குட்மான்ஸ், ஜீவ் சுராஸ்கி இருவரும் இஸ்ரேலில் படித்துக்கொண்டிருந்தவர்கள். தங்கள் ஊர் மொழியில் பெயர் வைத்திருக்கிறார்கள். கோபம் போய்ப் பொறாமை வந்தது.

அதிரசம்

நான் இந்தத் தலைமுறை. பிரௌசரிலேயே ஓடும் ஜாவாஸ்கிரிப்ட்தான் முதலில் படித்தேன், பிஎச்பியெல்லாம் தாத்தா காலத்துச் சமாசாரம் என்று நினைத்தவன். சித்தப்பா காரைக்குடியில் பலகாரக் கடை வைத்திருக்கிறார். போன தீபாவளிக்கு ஆர்டர் எடுக்க ஒரு தளம் செய்து கொடுத்தேன். பக்கம் அம்சமாக இருந்தது. கிலோவை மாற்றினால் தொகை தானாக மாறும், போன் நம்பர் தப்பாக இருந்தால் கட்டம் சிவக்கும், எல்லாம் பிரௌசரிலேயே. பணம் பொருள் கைக்கு வந்ததும் கொடுத்தால் போதும். பின்பக்கம் பத்து வரி பிஎச்பி: ஃபார்மில் வந்த பெயர், சரக்கு, விலை எல்லாவற்றையும் வாங்கிச் சேமித்து, ஒரு பில்லை அச்சடிக்கும். விலை ஃபார்மில் ஒரு மறைவுக் கட்டத்தில் இருந்தது. மறைவு என்றால் யாருக்கும் தெரியாது என்று நம்பினேன், சத்தியமாக.

என் ரூம்மேட் ஒருத்தன், இதே வேலைதான் செய்கிறான். பிரௌசரின் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து அந்தக் கட்டத்தில் இருந்த விலையை அழித்து 1 என்று அடித்து, இரண்டு கிலோ அதிரசம் ஆர்டர் போட்டுவிட்டான். ராத்திரி பதினொரு மணிக்கு என்னிடம் ஸ்கிரீன்ஷாட் காட்டிச் சிரித்தான். பிரௌசரில் ஓடுவதெல்லாம் வாடிக்கையாளர் கையில் இருக்கிற காகிதம், அவர் என்ன வேண்டுமானாலும் அடித்துத் திருத்தலாம். சரக்கின் விலையை சர்வர்தான் தன் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். உட்கார்ந்து இரண்டு மணி வரை மாற்றி எழுதினேன். காலையில் சித்தப்பாவிடம் சொல்லி அந்த ஆர்டரை நீக்கிவிடலாம் என்று படுத்துவிட்டேன்.

ஒன்பது மணிக்குப் போன் செய்தால், பார்சல் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. "ரெண்டு கிலோ ரெண்டு ரூபான்னு பில்லு வந்துச்சுப்பா. தீபாவளி ஆஃபர் ஏதோ நீதான் போட்டிருக்கேன்னு நினைச்சேன்."